எல்லாத் தோணியும் கரையேறின பிறகு

தாழைமுனை
3.8.1969

தம்பி டொமினிக்,

நீ வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதுகிறவன். நத்தாருக்கு ஒன்று, உயிர்த்த ஞாயிறுக்கு ஒன்று. ஆகஸ்டு மாதத்தில் என் எழுத்தைக் கண்டதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்திருப்பாய். ஒருவரும் சாகவில்லை. எனக்குத்தான் உயிர் போகிற மாதிரி இருக்கிறது.

என் மகள், உன் மருமகள் எமிலிக்குப் பத்தொன்பது வயது. நீ தலைமன்னாருக்குப் போகிறபோது முன்பல் விழுந்து சிரித்துக்கொண்டு நின்ற பிள்ளை, இப்போது தனக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறாள். யார் தெரியுமா? லூர்துவின் மகன் நோபேட்.

எந்த லூர்து என்று நீ கேட்க மாட்டாய். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் மணியை அடித்து என் புருஷனைக் கடலுக்கு அனுப்பின லூர்துதான். வெள்ளத்தைக் கடலுக்கு விட ஆற்றுவாயை அடைத்த மணலை வெட்டுகிற நாளில், ஆற்றில் கிடக்கிற எல்லாத் தோணியும் கரையேறிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தோனியார் கோயில் மணியை நீட்டி அடிக்க வேண்டும். அந்த மணி கேட்ட பிறகுதான் கடைசி வரம்பை வெட்ட வேண்டும். அப்பா காலத்திலிருந்து இதுதானே ஒழுங்கு. அன்றைக்கு என் மனுஷன் ஜெயராஜா நடு ஆற்றில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். லூர்து அதைப் பார்க்காமல் மணியை அடித்தான். நீ மணியை நம்பி வெட்டினாய். உன்னில் என்ன பிழை? மூன்றாம் நாள் களுதாவளைக் கரையில் தோணி மட்டும் ஒதுங்கியது. அவருக்கு ஒரு குழிகூட இல்லை.

எமிலி என் பேச்சைக் கேட்கிறாள் இல்லை. "மாமா ஓம் எண்டு சொன்னாக் கட்டுவன். வேணாம் எண்டு சொன்னா விட்டிருவன். உங்கட சத்தத்துக்கு விட மாட்டன்" என்கிறாள். நோபேட் மேசன் வேலை செய்கிற பொடியன். அவனில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை, அதுவும் ஆத்திரமாக இருக்கிறது. நீ வந்து ஒரு சொல் சொல்லு. வர ஏலாவிட்டால் வேண்டாம் என்று ஒரு வரி எழுது, போதும்.

வந்தால் நல்லது. உன் முகம் எனக்கு மறக்கத் தொடங்கிவிட்டது. நெற்றித் தழும்பு இடது பக்கமா வலது பக்கமா என்று நேற்று நினைத்துப் பார்த்தேன். தெரியவில்லை.

அக்கா மார்கிறட்

✦

தலைமன்னார்
12.8.1969

அன்புள்ள அக்கா,

தழும்பு இடது பக்கம். நீங்கள் எறிந்த சிரட்டைதான்.

இறங்குதுறையில் இப்போது வேலை கூட. லீவு கேட்டால் தர மாட்டார்கள். இங்கே இரண்டு பக்கமும் கடல்தான். நம் ஆற்றைப் போலப் பாதி உப்பு, பாதி நல்ல தண்ணீர் என்ற பேச்சே இல்லை. சில நாள் வேலை முடிந்து வரும்போது நம் ஆற்றங்கரைக் கண்ணாக் காட்டுச் சேற்று மணம் மூக்கில் வந்த மாதிரி இருக்கும். நின்று மணந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

எமிலியின் விஷயம். அந்தப் பொடியன் குடிக்காதவன் என்றால் கட்டி வையுங்கள் அக்கா. பழையதைக் கிளறி என்ன காணப்போகிறோம்? தகப்பன் செய்ததற்கு மகன் என்ன செய்வான்? தகப்பன் செய்ததாக நாம் நினைப்பதற்கு, என்று எழுத நினைத்தேன்.

வேறு எழுத வரவில்லை. மடுத் திருநாளுக்குப் போகிறேன். உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்துவேன்.

டொமினிக்

✦

தாழைமுனை
20.8.1969

டொமினிக்,

மெழுகுதிரியை நீயே வைத்துக்கொள்.

நீயா இப்படி எழுதுகிறாய்? 'நாம் நினைப்பதற்கு' என்றால் என்ன? நாம் நினைக்கவில்லை. ஊர் முழுக்கக் கூடி நின்று விசாரித்தபோது, மணி நீட்டி அடித்தது, காதால் கேட்டேன் என்று சொன்னவன் நீ. உன் சொல்லைக் கேட்டுத்தான் கோயில் சுவாமி மணிக்கயிற்றை லூர்துவின் கையிலிருந்து வாங்கி வேறு ஆளிடம் கொடுத்தார். உன் சொல்லைக் கேட்டுத்தான் பன்னிரண்டு வருஷமாக அந்த மனுஷனோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு கோர்வை மீனைக் கொண்டுவந்து என் வேலியில் கட்டிவிட்டுப் போகிறான். குற்றம் இல்லாதவன் ஏன் மீன் கொண்டுவருகிறான்? நான் அதை ஒரு நாளும் சமைத்ததில்லை. காகத்துக்குத்தான் போடுகிறேன்.

அன்றைக்கு நான் அடுப்படியில் நின்றேன். மத்தியான மணி கேட்டது. சிலுவை போட்டுத் திரிகால செபம் சொல்லத் தொடங்கினேன். பாதிச் செபத்தில் ஆறு இரைகிற சத்தம் கேட்டது. அவன் நீட்டி அடித்த மணி எனக்குக் கேட்கவே இல்லை. இரைச்சலில் அமுங்கியிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். நீ கேட்டாய் என்று சொன்ன பிறகு வேறு என்ன யோசிக்க இருக்கிறது?

ஓம் என்றோ இல்லை என்றோ எழுது. கோயிலில் கலியாண ஓலை வாசிக்கச் சுவாமியிடம் பேசப்போகிறார்கள். அதற்குள் எழுது.

மார்கிறட்

✦

தலைமன்னார்
7.9.1969

அக்கா,

இதைத் தனியாக இருந்து வாசியுங்கள்.

நான் கேட்டது மத்தியான மணி.

நீங்கள் செபம் சொன்னீர்களே, அதே மணிதான். லூர்து அண்ணன் வேறு மணி அடிக்கவில்லை. ஜெயராஜா அத்தான் கரைக்கு வரட்டும் என்று அவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நேரம் பன்னிரண்டு ஆனதால் வழக்கம்போல மத்தியான மணியை அடித்தார். அவ்வளவுதான்.

மூன்று நாளாக வயல் வட்டைக்குள் தண்ணீர் நின்றது. நான் முதன்முதலாகக் குத்தகைக்கு எடுத்துச் செய்த வெள்ளாமை அதற்குள் கிடந்தது. கதிர் முனை மட்டும் வெளியே தெரிந்தது. கடைசி வரம்பு ஒரு முழ அகலம். என் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றவர் கமக்காரர் சாமித்தம்பி அண்ணன். எதிர்க்காற்றில் மணி வந்தது. மூன்று அடி, பிறகு இடைவெளி, பிறகு மூன்று அடி. அவர் சைவக்காரர், நம் மணிகளில் அவருக்கு வித்தியாசம் தெரியாது. "இது வெட்டுற மணியா மனே?" என்று என்னைத்தான் கேட்டார்.

எனக்குத் தெரியும் அக்கா. சின்ன வயதிலிருந்து கேட்ட மணி. இடைவெளி விட்டு அடிக்கும் மணி எது, நீட்டி அடிக்கும் மணி எது என்று நித்திரையிலும் சொல்லுவேன். சோற்று நேரம்தானே, தோணியெல்லாம் கரைக்கு வந்திருக்கும் என்று மனம் சொன்னது. "ஓம், வெட்டுங்க" என்றேன். ஒள்ளுப்பம், ஒரு கொஞ்ச நேரம், பொறுத்திருந்தால் போதும்.

அது பிழை. அதற்குப் பிறகு செய்ததுதான் பாவம். ஊர் கூடிக் கேட்டபோது, "மணி நீட்டி அடிச்சது" என்றேன். லூர்து அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் மத்தியான மணிதான் அடிச்சன் மனே, யோசிச்சுச் சொல்லு" என்றார். நான் யோசிக்காமல் திரும்பவும் சொன்னேன். சாமித்தம்பி அண்ணனும் பாவம், பொய் என்று தெரியாமல் எனக்குச் சாட்சி சொன்னார்.

ஆற்றுவாயில் நாங்கள் வெட்டினது ஒரு முழம். மிச்சத்தைத் தண்ணீர் வெட்டியது. பொய்யும் அப்படித்தான். நான் சொன்னது ஒரு வரி. அது தானே அகன்று, லூர்து அண்ணனின் கயிற்றைக் கொண்டுபோனது, உங்கள் வாயிலிருந்த பேச்சைக் கொண்டுபோனது, இப்போது எமிலியிடம் வந்து நிற்கிறது.

மடுவில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமி மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் குற்றமில்லாதவனின் பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது உன் வேலை, அதைத்தான் அபராதமாகத் தருகிறேன் என்றார். பிறகும் மூன்று கிழமை பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்ட பதில்: ஓம். கட்டி வையுங்கள்.

டொமினிக்

✦

தாழைமுனை
16.9.1969

கிடைத்தது. வாசித்தேன்.

இனி எழுதாதே. நீ இதுவரை எழுதின கடிதங்களையெல்லாம் அடுப்பில் வைத்துவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் வைக்கவில்லை. இது லூர்து அண்ணனுக்கு உரியது.

மார்கிறட்

✦

தலைமன்னார்
2.11.1969

அக்கா,

எழுதாதே என்றீர்கள். இன்று மரித்தவர்களின் நாள். எல்லோரும் கல்லறைகளுக்குப் பூ வைத்துத் திரி கொளுத்துகிறார்கள். அத்தானுக்குக் கல்லறை இல்லாததால் நான் கடற்கரைக்குப் போய் மணலில் ஒரு திரியைக் குத்தினேன். காற்று அணைத்தது. நாலு தரம் கொளுத்தினேன். பிறகு விட்டுவிட்டு இதை எழுத வந்தேன்.

நம் ஊர்ச் சுவாமிக்கும் உண்மையை எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பியிருக்கிறேன். பூசையில் எல்லோரும் கேட்க வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். ஊரில் என் பெயர் இனி என்னவாகும் என்பது எனக்குத் தெரியும். அது சரிதான்.

மடுச் சுவாமி சொன்ன ஒன்று என்னை விடாமல் அரிக்கிறது. பாவம் எவ்வளவு உயரம் ஏறினாலும் தேவ அருள் அதற்கும் மேலே ஏறி நிற்கும் மகனே, உன் பாவத்தை அதைவிடப் பெரிதாக்கிப் பார்க்கிறதும் ஒரு வகைப் பெருமைதான் என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் அக்கா, ஏறி நிற்கிறது என்றால் எனக்கு வெள்ளம்தான் தெரியும். சுவாமி மன்னித்தார், கடவுள் மன்னித்தார் என்று வாயால் சொல்லிப் பார்க்கிறேன். மன்னிக்கிறவருக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. எனக்கு வருகிறது உங்கள் முகம்தான். சிரட்டை எறிந்த அன்றைக்கு இருந்த முகம்.

மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை. ஊரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் இருந்தால் அதுவும் ஒரு பொய்யாகும். அந்தப் பிள்ளையின் கலியாணத்தை நிறுத்த வேண்டாம்.

டொமினிக்

✦

தாழைமுனை
9.12.1969

தம்பி,

எழுதாதே என்று சொன்னால் எழுதுகிற பழக்கம் உனக்கு எப்போது வந்தது? வருஷக்கணக்காக எழுது எழுது என்று கெஞ்சினபோது வரவில்லை.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறேன். உன் கடிதம் வந்து நான்காம் நாள் லூர்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். படலையடியில் என்னைக் கண்டதும் மனுஷன் கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்தேன். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப நான் சரியாத்தான் அடிச்சனா?" ஓம் என்றேன். திரும்பவும் கேட்டார். மூன்றாம் தரம் கேட்கும்போது அழுதார்.

அவர் சொன்னதைக் கேள். "முதல் ரெண்டு வருஷம் நான் சரியாத்தான் அடிச்சன் எண்டு எல்லாரோடயும் சண்டை பிடிச்சன். மறுகா எனக்கே சந்தேகம் வந்திட்டு. என்ட கைதான் மாறி அடிச்சிட்டோ எண்டு. அதுதான் மீன் கொண்டுவந்தன் மார்கிறட். வேற என்னத்தச் செய்ய?"

உன் பொய்யை அவரும் நம்பியிருக்கிறார், டொமினிக். அதைக் கேட்டபோது உன்னைக் கொன்றுபோடலாம் என்றுதான் எனக்கு வந்தது.

நான் அவர் முன்னால் முழங்காலில் விழுந்தேன். விழவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. "அண்ணன், நீங்க கொண்டுவந்த மீன் ஒண்டையும் நான் சமைக்கல்ல. எல்லாத்தையும் காகத்துக்குத்தான் போட்டன்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காகமும் தின்னத்தானே வேணும்" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். இத்தனை வருஷமும் அந்த மனுஷனுக்குச் செய்த அநியாயம் அந்த ஒரு சொல்லோடு போய்விட்டது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு, "பொடியன் பாவம். அங்க தனியக் கிடந்திரிக்கான். வரச் சொல்லு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்குச் சுகம் அண்ணன், போனது என்ட புருஷன்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் கரைச்சல். நான் ஒரு மன்னிப்பை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, உனக்கு இல்லை என்று இருக்கப் பார்த்தேன். இரண்டு மாதம் பார்த்தேன். செபம் சொல்ல வாய் வரவில்லை. சமைத்த சோறு இறங்கவில்லை. எமிலி, "அம்மா, நீங்க இப்ப மாமாவில கோவமா, உங்களில கோவமா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைக்கு வாய் கூடிவிட்டது. என்னைப் போல.

போன மாதம் சுவாமி உன் கடிதத்தைப் பூசையில் வாசித்தார். சிலர் உன்னைத் திட்டினார்கள். சாமித்தம்பி அண்ணன் அடுத்த நாளே தோணி பிடித்து வந்து லூர்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். மணிக்கயிறு திரும்பவும் லூர்து அண்ணன் கைக்கு வந்தது.

நேற்று ஆற்றுவாய் வெட்டினார்கள். அவர்தான் மணி. இரண்டு தோணி வர வேண்டியிருந்தது. வெட்டுகிறவர்கள் பொறுமையில்லாமல் ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். மனுஷன் அசையவில்லை. கடைசித் தோணியின் முன் அணியம் மணலில் ஏறினதைப் பார்த்த பிறகுதான் நீட்டி அடித்தார். நான் அங்கே நின்றேன். என் மனுஷன் போன பிறகு அந்தக் கரைக்கு நான் போனது நேற்றுத்தான். வெட்டினது ஒரு முழம். ஓர் உலைச் சோறு வேகிற நேரத்துக்குள் வாய் இரண்டு தென்னை நீளத்துக்கு அகன்றுவிட்டது. வட்டைக்குள் நின்ற தண்ணீரெல்லாம் ஓடிப் போனது. ஒருவரும் அதற்குப் பிறகு மண்வெட்டியைத் தொடவில்லை.

உன் பொய் அப்படித்தான் அகன்றது என்று எழுதியிருந்தாய். உண்மைதான். ஆனால் லூர்து அண்ணன் திறந்ததும் ஒரு முழம்தான். காகமும் தின்னத்தானே வேணும் என்றாரே, அவ்வளவுதான். அது உன் பொய்யைவிட அகலமாகப் போய்விட்டது, தம்பி. பிடித்து நிற்கப் பார்த்த என்னையும் இழுத்துக்கொண்டு போகிறது. மடுச் சுவாமி சொன்னது இதைத்தானோ என்னவோ, எனக்கு வேதம் தெரியாது.

உன்னை மன்னித்தேன். இதை எழுதும்போது மன்னித்திருக்கிறேன். சில நாள் விடிய எழும்பிப் பார்த்தால் அது இருப்பதில்லை, உன் அத்தானுடைய சாரம் கொடியில் கிடந்த ஞாபகம்தான் இருக்கும். அன்றைக்குத் திரும்பவும் முதலிலிருந்து மன்னிக்க வேண்டும். அதற்கு நீ பக்கத்தில் இருந்தால் எனக்குச் சுகம்.

ஓலை மூன்றும் வாசித்தாகிவிடும். ஜனவரி பன்னிரண்டாம் தேதி கலியாணம். எமிலியைக் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேறு ஆள் வேண்டாமாம். அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். வா.

அக்கா

✦

ஏறாவூர்
11.1.1970, காலை

அக்கா,

நேற்று ரயிலில் வந்தேன். ஏறாவூரில் நின்றது, கால் இறங்கிவிட்டது. அடுத்தது மட்டக்களப்பு, அதற்கடுத்தது ஊர் என்ற நினைப்புத்தான். மீன் வியாபாரி அசனார் காக்கா ஸ்டேஷன் வாசலில் என்னை அடையாளம் கண்டு வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவர் மனைவி ஆயிஷா உம்மா சோறு போட்டார். ஏன் இங்கே இறங்கினாய் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

எமிலிக்குத் தகப்பனின் சாயல் என்கிறார் காக்கா. அதைத்தான் நான் யோசிக்கவில்லை. அத்தானின் முகத்தை வைத்திருக்கிற பிள்ளையின் கையை, மண்வெட்டி பிடித்த இந்தக் கையால் எப்படிப் பிடிப்பேன்? லூர்து அண்ணனைப் பார்த்தால் என்ன சொல்வேன்?

காக்கா மீனெடுக்க இப்போது தாழைமுனைக்கு வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் எழுதினது மன்னிப்பு இருந்த நாளில் எழுதினது. இன்றைக்கு அது இல்லாத நாள் என்றால் சொல்லியனுப்புங்கள். கோபிக்க மாட்டேன். பின்னேர ரயிலில் திரும்பிப் போவேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு சேலை காக்காவிடம் இருக்கும்.

டொமினிக்

✦

(அதே தாளின் பின்பக்கம்)

தம்பி,

வேறு தாள் தேட நேரமில்லை. காக்கா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இன்றைக்கு இல்லாத நாள்தான். விடியற்காலையில் எழும்பிப் பார்த்தேன், இல்லை. பிறகு உன் கடிதம் வந்தது. ஏழெட்டு மைலுக்கு அந்தப் பக்கம் பயந்துபோய் இருக்கிறாய் என்று வாசித்ததும் வந்துவிட்டது. அது வருகிற விதம் எனக்கும் விளங்கவில்லை.

சேலையை நீயே கொண்டுவந்து கொடு. கையைப் பற்றி எமிலியிடம் சொன்னேன். "எனக்கும் அம்மாட கைதான், சிரட்டை எறியிற கை, பயப்படாம வரச் சொல்லுங்க" என்கிறாள்.

லூர்து அண்ணன் இந்தக் கடிதத்தை நான் வாசிக்கக் கேட்டதிலிருந்து மணிக்கயிற்றடியில் போய் இருக்கிறார். நாளைக்குத்தானே அண்ணன் கலியாணம், இன்றைக்கு ஏன் என்று கேட்டேன். "அந்த வெள்ளத்தில வெட்டின அண்டைக்கு ஒரு மணி அடிக்காமப் போச்சு. அதை இண்டைக்கு அடிப்பன்" என்றார். எப்போது அடிப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு தோணி இன்னும் கரையேறவில்லையாம், அதைக் கண்ணால் கண்ட பிறகுதானாம்.

மத்தியானத்துக்கு முந்தி வா.